பல்கலைக்கழகம் யாருக்குக் கடமைப்பட்டது? - 1920களின் சீனம் தரும் படிப்பினை

தனியார் பல்கலைக்கழகம் என்றதும் கட்டணக் கொள்ளையும் கல்வி வணிகமும் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்குப் போதிய காரணங்களும் உண்டு. ஆனால் தனியார் கல்வியை ஆதரிப்போரின் வாதங்களில் ஒன்று, வணிகத்தைச் சுட்டிக்காட்டுவதால் மட்டும் முறிந்துவிடுவதில்லை. ‘அரசு நிலைகுலைந்து, ஆட்சிகள் அடிக்கடி மாறும் காலத்தில், நாட்டுப்பற்றும் தூய நோக்கமும் கொண்ட தனிமனிதர்களால் கல்வியைக் காப்பாற்ற முடியும், அரசின் பிடிக்கு வெளியே இருப்பதாலேயே அவர்களுடைய நிறுவனங்கள் சுதந்திரமாக இயங்கும்’ என்பதே அந்த வாதம்.

இதைச் சோதித்துப் பார்க்க 1920களின் சீனத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. நிலைகுலைந்த அரசு அங்கே இருந்தது. தூய நோக்கம் கொண்ட தனிமனிதர்களும் இருந்தனர். அவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் மூன்றின் வரலாறு, மேற்கண்ட வாதம் எந்த இடம் வரை செல்லும், எந்த இடத்தில் முறியும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. தியான்ஜின் நகரின் நன்காய், தென்கடற்கரையின் சியாமென், ஐந்தாண்டுகள்கூட நீடிக்காத ஷாங்காய்ப் பல்கலைக்கழகம் ஆகியவையே அம்மூன்று.

சம்பளம் கேட்டவர்களுக்குத் தடியடி

1911 புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியது. ஆனால் நிலவுடைமையையும் ஏகாதிபத்தியப் பிடியையும் அது அசைக்கவில்லை. 1916இல் யுவான் ஷிகாய் இறந்தபின் நாடு யுத்தப் பிரபுக்களின் வேட்டைக்காடாயிற்று. பெய்ஜிங்கில் பெயரளவில் ஒரு மத்திய அரசு இருந்தது. ஆனால் வரி வருவாய் படைத்தலைவர்களின் பைகளுக்குச் சென்றது. அரசுக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். 1921 ஜூன் 3 அன்று நிலுவை ஊதியம் கேட்டு ஊர்வலமாகச் சென்ற பெய்ஜிங் ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஆட்சி மாளிகை வாயிலில் காவலர்கள் தாக்கி இரத்தம் சிந்த வைத்தனர். 1926 மார்ச் 18 அன்று அதே நகரில், ஏகாதிபத்திய நாடுகளின் இறுதி எச்சரிக்கைக்குப் பணியக்கூடாது என்று கோரி ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 47 பேர் கொல்லப்பட்டனர்.

அரசுக் கல்வி இவ்வாறு சிதைந்த வேளையில், மறுபுறம் கிறித்தவ மிஷன்கள் நடத்திய கல்லூரிகள் வளமாக இருந்தன. அந்நியரின் தலைமை, அந்நிய மொழி, அந்நியப் பாதுகாப்பு ஆகியவை அவற்றின் அடையாளம். இந்த இரண்டுக்கும் இடையில்தான் சீனர்களே நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பட்டங்களை விற்கும் கடைகளும் அவற்றில் ஏராளம். ஆயினும் எல்லாமே அப்படிப்பட்டவை அல்ல.

நன்காய்: படைத்தலைவரின் பணமும் மாணவரின் சிறையும்

நன்காயை உருவாக்கிய சாங் போலிங் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். சீனத் துறைமுகத்தில் ஒரு நாட்டின் கொடி இறங்கி இன்னொரு நாட்டின் கொடி ஏறியதைக் கண்டு மனம் நொந்து, கல்வியே நாட்டைக் காக்கும் என்ற முடிவுக்கு வந்தவர். கல்வியாளர் யான் சியுவுடன் இணைந்து 1904இல் ஓர் நடுநிலைப் பள்ளியைத் தொடங்கினார். 1919இல் 96 மாணவர்களுடன் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்த முதல் அணி மாணவர்களில் ஒருவர் சூ என்லாய்.

சாங் போலிங்கின் நேர்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது? நன்கொடையாளர் பட்டியலில் முன்னாள் அமைச்சர்களும் யுத்தப் பிரபுக்களும் இருந்தனர். ஜியாங்சு மாகாணத்தின் இராணுவ ஆளுநர் லி சுன் 1920இல் இறந்தபோது தம் சொத்தின் ஒரு பகுதியை நன்காய்க்கு எழுதி வைத்திருந்தார். அவர் பெயரால் ஒரு மண்டபமே எழுந்தது. உழவர்களிடம் பிடுங்கிய பணத்தில் கல்விக்கூடம் கட்டலாமா என்று கேட்ட மாணவர்களுக்கு, எருவிலிருந்தும் மலர் மலரும் என்பதே சாங்கின் விடை என்று சொல்லப்படுகிறது.

அந்த விடையில் ஒரு நடைமுறை நியாயம் உண்டு. ஆனால் எருவை இடுபவர் தோட்டத்திலும் பங்கு கேட்பார் என்பதை அது மறைக்கிறது. 1920 ஜனவரியில் ஜப்பானியப் பொருள் புறக்கணிப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சூ என்லாய் தியான்ஜினில் கைது செய்யப்பட்டார். ஜூலை வரை சிறையில் இருந்த அவரால் நன்காயில் படிப்பைத் தொடர இயலவில்லை. அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பப் பொருளுதவி செய்தவர் அதே நன்காயின் நிறுவனர்களில் ஒருவரான யான் சியு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனிமனிதர்களின் பெருந்தன்மைக்குக் குறைவில்லை. ஆனால் தனிமனிதராக யான் சியு செய்ய முடிந்ததை, ஆளுவோரின் தயவில் நின்ற நிறுவனம் செய்ய முடியவில்லை.

நன்காய் பெரும் பணிகளைச் செய்தது. வடசீனத்தின் தொழில்கள், விலைவாசி, உழவர் இடப்பெயர்வு ஆகியவற்றை நேரடிக் கள ஆய்வின் வழியே பதிவு செய்த அதன் பொருளாதார ஆய்வுக் கழகம் 1927இல் உருவானது. அமெரிக்க ராக்பெல்லர் அறக்கட்டளையின் நிதி அதற்குப் பெரிதும் துணைநின்றது. உள்நாட்டில் படைத்தலைவர், வெளிநாட்டில் எண்ணெய் முதலாளியின் அறக்கட்டளை என்ற இரு ஊன்றுகோல்களோடு ஒரு தேசபக்தப் பல்கலைக்கழகம் நடந்தது. 1937 ஜூலை இறுதியில் ஜப்பானிய விமானங்கள் அதன் வளாகத்தைக் குறிவைத்துக் குண்டு வீசின. லி சுன் பெயர் தாங்கிய மண்டபமும் அதில் அழிந்தது. படைத்தலைவர்களின் கொடையால் எழுந்த கட்டடத்தைக் காக்க அவர்களுடைய படை எதுவும் அங்கே இல்லை.

சியாமென்: ரப்பர் விலை தீர்மானித்த பாடத்திட்டம்

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் உயர்ந்த தியாகத்தைக் கொண்டது. சிங்கப்பூரில் ரப்பர் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய டான் கா கீ, தம் பிறந்த ஊரான ஜிமெய்யில் பள்ளிகளை நிறுவியபின், 1921 ஏப்ரலில் சியாமென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். தொடக்கச் செலவுக்கு 10 லட்சம், பன்னிரண்டு ஆண்டு நடைமுறைச் செலவுக்கு 30 லட்சம் என 40 லட்சம் வெள்ளி நாணயங்களைத் தருவதாக அவர் அறிவித்தார். பட்டம் விற்றுப் பணம் பார்க்கும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை. பிற்காலத்தில் கடன் கொடுத்த வங்கிகள் கல்விச் செலவை நிறுத்தச் சொன்னபோதும் அவர் இணங்கவில்லை. தம் மாளிகைகளை விற்றுப் பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்று மக்கள் இன்றும் அவரைப் போற்றுகின்றனர்.

ஆயினும் கொடையாளர் ஒருவரே என்பதால் அதிகாரமும் ஒரே திசையிலிருந்து வந்தது. அவரது நம்பிக்கைக்குரிய லிம் பூன் கெங் 1921 முதல் 1937 வரை தலைவராக நீடித்தார். ஆசிரியர்கள் நீக்கப்பட்டதை எதிர்த்து 1924இல் வெடித்த மாணவர் போராட்டம் சமரசத்தில் முடியவில்லை. பெருந்தொகையான மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறி ஷாங்காயில் தாசியா என்ற புதிய பல்கலைக்கழகத்தை நிறுவினர். 1926 செப்டம்பரில் அங்கே பணியேற்ற எழுத்தாளர் லூ சுன் நான்கு மாதங்களிலேயே பதவி விலகினார்.

இந்த வரலாற்றில் தமிழர்களும் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மலாயாவின் ரப்பர் பொருளாதாரம் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பிலும் சீனத் தொழிலாளர்களின் உழைப்பிலும் வளர்ந்தது. 1929 பொருளாதாரப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே சரிவில் டான் கா கீயின் நிறுவனமும் நொறுங்கி 1934இல் மூடப்பட்டது. உலகச் சந்தையின் ஒரே வீழ்ச்சி மலாயாத் தோட்டத்தில் கூலியைப் பறித்தது. சியாமென் வகுப்பறையில் ஆசிரியர் ஊதியத்தைப் பறித்தது. இறுதியில் 1937இல் டான் கா கீ தம் பல்கலைக்கழகத்தை அரசிடம் ஒப்படைத்தார். தனிமனிதத் தியாகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அவரே தம் கையெழுத்தால் ஒப்புக்கொண்டார் எனலாம்.

ஷாங்காய்: மாணவர்கள் கைப்பற்றிய கல்லூரி

மூன்றாவது பல்கலைக்கழகத்தின் பிறப்பே வேறு விதமானது. ஷாங்காயின் சாபெய் பகுதியில் கட்டணம் வாங்கிக்கொண்டு உருப்படியான ஆசிரியர்களைத் தராத ஒரு தனியார் கல்லூரி இருந்தது. அதன் முதல்வர் மாணவர்கள் கட்டிய பணத்துடன் ஜப்பானுக்குச் சென்றுவிட்டதை அறிந்த மாணவர்கள் போராடி நிர்வாகத்தை வெளியேற்றினர். பின்னர் கோமிண்டாங்கின் மூத்த தலைவரும் புகழ்பெற்ற எழுத்துக்கலைஞருமான யூ யூரெனைத் தலைமையேற்க அழைத்தனர். 1922 அக்டோபரில் அது ஷாங்காய்ப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. கொள்ளையடித்த தனியார் நிர்வாகத்தை மாணவர்களே அகற்றியதில் பிறந்த பல்கலைக்கழகம் அது.

அப்போது கோமிண்டாங்கும் கம்யூனிஸ்ட் கட்சியும் கூட்டணியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. 1923இல் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த டெங் சோங்சியா நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். சோவியத் ருஷ்யாவிலிருந்து திரும்பிய சு சியுபாய் கல்விப் பொறுப்பையும் சமூகவியல் துறையையும் ஏற்றார். சாய் ஹெசென், யுன் தாயிங், கம்யூனிஸ்ட் அறிக்கையை முழுமையாகச் சீனத்தில் மொழிபெயர்த்த சென் வாங்டாவ், எழுத்தாளர் மாவோ துன் ஆகியோர் கற்பித்தனர். சீனத்தில் மார்க்சியம் முறையான பல்கலைக்கழகப் பாடமாகத் துறை அளவில் கற்பிக்கப்பட்ட முன்னோடி இடங்களில் அது ஒன்று. பெண்களும் சமமாகச் சேர்க்கப்பட்டனர். எழுத்தாளர் டிங் லிங், பின்னாளில் பெண் தொழிலாளர் இயக்கத்தின் தலைவரான யாங் சிஹுவா, பின்னாளில் சீன நாட்டின் குடியரசுத் தலைவரான யாங் ஷாங்குன் ஆகியோர் அதன் மாணவர்கள்.

வளாகம் என்று சொல்லத்தக்க எதுவும் அதற்கு இல்லை. வாடகைக்கு எடுத்த சந்து வீடுகளே வகுப்பறைகளாயின. ஆசிரியர்களில் பலர் வேறு வேலையில் வயிற்றைக் கழுவிக்கொண்டு வந்து பாடம் நடத்தினர். மாவோ துன் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர் குழுப் பணியில் இருந்தார். 1924 செப்டம்பரில் ஷாங்காயைக் கைப்பற்ற இரண்டு யுத்தப் பிரபுக்கள் மோதியபோது அந்த நகரமே போர்க்களமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேசக் குடியிருப்பின் காவல்துறை உள்ளே புகுந்து நூல்களையும் இதழ்களையும் பறிமுதல் செய்தது. நன்கொடைப் பட்டியலும் மண்டபமும் இல்லாத இந்தப் பல்கலைக்கழகத்திடம் இருந்த ஒரே மூலதனம் அதன் மாணவர்களும் அவர்கள் சென்று கற்பித்த தொழிலாளர்களும்தான்.

வகுப்பறையிலிருந்து நாஞ்சிங் சாலைக்கு

பாடம் வகுப்பறையோடு முடிந்துவிடவில்லை என்பதே அதன் தனித்தன்மை. மாணவர்கள் தொழிலாளர் இரவுப் பள்ளிகளில் எழுத்தறிவு கற்பித்தனர். மேற்கு ஷாங்காய்ப் பஞ்சாலைப் பகுதியில் தொழிலாளர் மன்றம் உருவாகத் துணைநின்றனர். வறுமையில் வாடிய மாணவர் லியூ ஹுவா அந்த மன்றத்தின் வழியாகவே ஷாங்காய்த் தொழிலாளர் தலைவர்களில் ஒருவரானார்.

1925 மே 15 அன்று ஜப்பானியப் பஞ்சாலையில் கு செங்ஹோங் என்ற தொழிலாளி சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நியரின் ஆட்சியில் இருந்த குடியிருப்புப் பகுதியில் அதைப் பற்றிப் பேசுவதே குற்றமாயிற்று. மே 30 அன்று அந்தப் பகுதியின் நாஞ்சிங் சாலையில் மாணவர்கள் குழுக்களாகப் பரவிப் பேசினர். ஷாங்காய்ப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் முன்னணியில் இருந்தனர். ஆங்கிலேய அதிகாரி சுட உத்தரவிட்டார். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஹெ பிங்யி என்ற ஷாங்காய்ப் பல்கலைக்கழக மாணவரும் ஒருவர். சுட்டவர்களில் சீனக் காவலர்களோடு, பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் இந்தியாவிலிருந்து கொண்டுசென்று நிறுத்திய சீக்கியக் காவலர்களும் இருந்தனர். ஒரு காலனி நாட்டின் ஏழை உழவர் மகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு நாட்டின் மாணவரைச் சுட வைப்பதே ஏகாதிபத்தியத்தின் வழமை. சீனாவிலிருந்த இந்தியக் காவலர்களிடையே கதர் இயக்கத்தினர் மேற்கொண்ட பிரச்சாரத்தின் அருமை இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

ஷாங்காய் முழுவதும் பொதுவேலைநிறுத்தம் வெடித்தது. ஜூன் 4 அன்று அந்நியக் கடற்படை வீரர்கள் பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றி மாணவர்களை வெளியேற்றினர். அதே நாட்களில் அமெரிக்க மிஷன் நடத்திய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில், கொல்லப்பட்டோருக்காகச் சீனக் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்ற விடாமல் நிர்வாகம் தடுத்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களும் சீன ஆசிரியர்களும் வெளியேறி குவாங்ஹுவா பல்கலைக்கழகத்தை உருவாக்கினர். வளாகமும் நூலகமும் நிதியும் நிறைந்திருந்த இடத்தில் துக்கம் அனுசரிக்கவும் உரிமையில்லை; சந்து வீட்டுப் பல்கலைக்கழகத்தில் அந்த உரிமை இருந்தது. தனியார் நிறுவனங்கள் என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒன்று அந்நிய மிஷனுக்குப் பதில் சொன்னது. மற்றொன்று தெருவில் இறந்தவர்களுக்குப் பதில் சொன்னது.

உள்முரணும் முடிவும்

ஷாங்காய்ப் பல்கலைக்கழகத்தைக் குறையற்ற இலட்சிய வடிவமாகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. நூலகமும் ஆய்வுக்கூடமும் அங்கே போதுமானவையாக இருந்ததில்லை. இயக்கப் பணிகளின் சுமையால் ஆசிரியர்கள் அடிக்கடி மாறினர். ஆய்வுத் துறையில் நன்காய் எட்டிய உயரத்தை அது எட்டவில்லை. அனைத்துக்கும் மேலாக, அது நின்றது ஒரு கூட்டணியின் மேல். யூ யூரெனின் பெயரும் கோமிண்டாங்கின் ஆதரவும் அதற்குக் கவசமாயிருந்தன. அந்தக் கவசத்தில் விரிசல் தொடக்கத்திலேயே தெரிந்தது. 1924 அக்டோபர் 10 அன்று ஒரு பொதுக்கூட்டத்தில் கோமிண்டாங் வலதுசாரிகள் ஏவிய குண்டர்களால் தாக்கப்பட்டு ஹுவாங் ரென் என்ற மாணவர் உயிரிழந்தார். ஒரே பல்கலைக்கழகத்துக்குள், ஒரே கூட்டணிக்குள் இரு வர்க்கங்களின் மோதல் நடந்துகொண்டிருந்தது.

1925 இறுதியில் குடியிருப்புக் காவல்துறை பிடித்துக் கொடுத்த லியூ ஹுவாவை யுத்தப் பிரபு சுன் சுவான்பாங்கின் ஆட்கள் இரகசியமாகக் கொன்றனர். மாணவர்களும் ஆசிரியர்களும் ஊரூராக நிதி திரட்டி ஜியாங்வான் பகுதியில் சொந்தக் கட்டடம் எழுப்பினர். 1927இல் அதில் குடியேறிய சில வாரங்களில், ஏப்ரல் 12 அன்று சியாங் கை ஷேக் கூட்டணியை முறித்துத் தொழிலாளர்கள் மீது படுகொலையை ஏவினார். மே மாதத் தொடக்கத்தில் படையினர் பல்கலைக்கழகத்தை மூடினர். அந்நியரின் கடற்படை 1925இல் விரட்டியபோது பல்கலைக்கழகம் இன்னொரு சந்தில் மீண்டும் எழுந்தது. நேற்றைய கூட்டாளியின் படை மூடியபோது அது எழவில்லை.

ஆசிரியர்களின் முடிவும் அந்த ஆண்டுகளின் கணக்கில் எழுதப்பட்டது. யுன் தாயிங்கும் சாய் ஹெசெனும் 1931இல், டெங் சோங்சியா 1933இல், சு சியுபாய் 1935இல் என ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். 1936இல் அதே கோமிண்டாங், யூ யூரெனின் முயற்சியால், மூடப்பட்ட பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பட்டங்களை அரசுப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு இணையாக ஏற்றது. பட்டத்தை அங்கீகரிப்பது ஆளும் வர்க்கத்துக்கு எளிது. அந்தப் பட்டம் கற்றுத்தந்ததை அங்கீகரிப்பதுதான் இயலாத செயல்.

எஞ்சும் பாடம்

மூன்று பல்கலைக்கழகங்களும் தனியார் நிறுவனங்களே. மூன்றின் நிறுவனர்களும் நாட்டை நேசித்தவர்களே. அவற்றின் வேறுபாட்டை விளக்க நல்லெண்ணம் என்ற சொல் உதவாது. நன்காய் தன் கொடையாளர்களை மனம் நோகச் செய்ய முடியாத நிலையில் இருந்தது. சியாமென் ஒரு மனிதரின் செல்வத்தோடு எழுந்து, அந்தச் செல்வத்தோடு சரிந்தது. ஷாங்காய்ப் பல்கலைக்கழகம் தன்னை உருவாக்கிய மாணவர்களுக்கும் தான் சென்று சேர்ந்த தொழிலாளர்களுக்கும் கடமைப்பட்டிருந்தது. அதனால் அது மற்ற இரண்டும் சொல்லத் தயங்கியதைச் சொன்னது. அதனாலேயே அழிக்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, அரசின் பிடியிலிருந்து விலகுவதே கல்விச் சுதந்திரம் என்ற வாதம் பொய். அரசிடமிருந்து விலகிய நிறுவனம் பணத்திடம் போய்ச் சேர்கிறது. பணம் இருக்கும் இடத்தில் அரசியலும் இருக்கிறது. ஆசிரியரையும் மாணவரையும் நிர்வாகத்தின் மையத்தில் நிறுத்தும் சனநாயகம் இல்லாதவரை, உடைமை எவரிடம் இருந்தாலும் சுதந்திரம் கொடையாளரின் மனநிலையைப் பொறுத்தே அமையும்.

இரண்டாவது, மக்களுக்குக் கடமைப்பட்ட ஒரு பல்கலைக்கழகம் மட்டும் தனித்து நின்று ஆட்சி அதிகாரத்தை வெல்ல முடியாது. மிகச் சிறந்த ஆசிரியர்களும் மிகத் துணிச்சலான மாணவர்களும் சேர்ந்தும் அந்தச் சந்து வீடுகளைக் காக்க இயலவில்லை. சீனத்தில் உயர்கல்விக்கான பொதுநிதி உறுதியானது 1949க்குப் பிறகே. தாசியாவும் குவாங்ஹுவாவும் 1951இல் ஒன்றிணைக்கப்பட்டு அரசின் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகமாயின. செயின்ட் ஜான்ஸ் 1952இல் மூடப்பட்டது. தனியார் கல்லூரிகள் 1980களுக்குப் பின் அங்கே மீண்டும் தலைதூக்கியிருப்பது தனியாக விவாதிக்க வேண்டிய செய்தி. கல்வியைப் பொதுச்சொத்தாக்கும் போராட்டம் ஒருமுறை வென்றதும் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அதுவும் சான்று.

ஆகவே பொதுநிதியில் இயங்கும், சனநாயக முறையில் நிர்வகிக்கப்படும் கல்விக்கான கோரிக்கையை, நல்ல முதலாளி ஒருவர் கிடைத்தால் போதும் என்ற ஆசைக்கு ஈடாக விட்டுக்கொடுக்க இயலாது. டான் கா கீயைவிடத் தூய கொடையாளர் எங்கும் எளிதில் கிடைக்கமாட்டார். அவராலும் தம் பல்கலைக்கழகத்தைப் பதினாறு ஆண்டுகளே சொந்தமாக நடத்த முடிந்தது. சந்து வீட்டுப் பல்கலைக்கழகம் அதைவிடக் குறைவாக, ஐந்தாண்டுகள்கூட நிறைவுறாமல் மறைந்தது. ஆனால் அது தயாரித்த மனிதர்கள் பஞ்சாலைகளிலும் கிராமங்களிலும் தங்கள் வேலையைத் தொடர்ந்தனர். கட்டடத்தைப் பூட்டிய படையினரால் அந்த வேலையைப் பூட்ட முடியவில்லை.